சுமையைச் சொல்லும் உலோகம்

திருப்பூர்ச் சாலையில் பஞ்சுப் பொதி லாரி எடைமேடையேறி நிற்கிறது. மேடையைத் தாங்கும் எஃகு கண்ணுக்குப் புலப்படாத அளவு சுருங்க, அதில் ஒட்டிய மென்தகட்டின் மின்தடை மாறுகிறது. எடை எண்ணாகத் தெரிகிறது. அம்மென்தகடே திரிபுமானி.

இம்முறையை உடலுக்குள் கொண்டு சென்றவர் சுவீடன் நாட்டு மருத்துவர் ரைடல். இருவருக்குப் பொருத்திய செயற்கை இடுப்பு மூட்டுகளிலிருந்து கம்பிவழிப் பெற்ற அளவுகளை அவர் 1966-இல் வெளியிட்டார். பின்னர், பெர்லினில் பெர்க்மன் குழுவினர் கம்பியையே நீக்கினர். வெளியிலுள்ள சுருள் மின்காந்தத் தூண்டலால் ஆற்றல் தர, அளவுகள் வானொலி அலையாய் வந்தன. இயல்பான நடையில் இடுப்பு மூட்டு உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு தாங்குகிறது. இடறினால் எட்டு மடங்கையும் எட்டக்கூடும்! முதியோரைப் 'பார்த்து நடங்கள்' என்பது வெறும் உபசாரமன்று.

எலும்பு முறிவில் பயன் வேறு. தொடக்கத்தில் பொருத்திய தகடே சுமையைத் தாங்கும். எலும்பு கூடக்கூட அதன் பங்கு குறையும். குறையாவிடில், ஊடுகதிர்ப் படம் தெளிவுறக் காட்டுமுன்னரே ஐயுறலாம். எப்போது காலூன்றலாம் என்பதன்றோ உழவரும் விசைத்தறித் தொழிலாளியும் மருத்துவரிடம் கேட்கும் முதல் வினா!

எனினும் இத்தகைய உள்வைப்புகள் இன்றும் பெரும்பாலும் ஆய்வுநிலையிலேயே உள்ளன. விலை ஒரு தடை. ஆண்டுக்கணக்கில் ஈரம் புகாது காப்பது மற்றொன்று. மேலும், தரையில் சம்மணமிட்டும் தொழுகையில் மண்டியிட்டும் அமரும் நம்மவர் மூட்டுகளுக்கு, நாற்காலியில் அமர்ந்து பழகியோரின் அளவுகள் அப்படியே பொருந்துமெனக் கொள்வதற்கில்லை.