சிந்தும் டீசலுக்கு விலை கொடுப்பவர் யார்?

கொரட்டூரிலிருந்து பாடிக்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் செல்லும் சாலைகளில் சிறு சரக்கு வாகனங்களுக்குக் குறைவில்லை. நெடுந்தொலைவு ஓடும் பிக்கப் வண்டிகள் சிலவற்றில், பட்டறையில் செய்து பொருத்திய கூடுதல் டீசல் டேங்கைக் காண்கிறேன். இதன் பின்னால் இருப்பது எளிய பொருளியல். 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது டீசல் அதன் வரம்புக்குள் கொண்டுவரப்படவில்லை. மாநிலங்கள் தனித்தனியே வரி விதிப்பதால், எல்லையைத் தாண்டினால் விலை மாறுகிறது. மலிவான இடத்தில் 100 லிட்டர் கூடுதலாக நிரப்பினால் லாபம் என்பது உரிமையாளரின் கணக்கு.

அந்தக் கணக்கில் விடுபடுவது, வழிந்து சாலையில் சிந்தும் டீசல்.

வழிவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, ரிட்டர்ன் குழாய். டீசல் என்ஜினுக்குப் போகும் எரிபொருள் முழுவதும் எரிவதில்லை. மிஞ்சியது டேங்குக்குத் திரும்புகிறது. கூடுதல் டேங்கிலிருந்து எடுத்து, மிச்சத்தை ஏற்கெனவே நிறைந்திருக்கும் மூல டேங்குக்கு அனுப்பினால் அது வழியத்தான் செய்யும். எடுக்கும் குழாயையும் திரும்பும் குழாயையும் சேர்த்தே மாற்றும் வால்வு இதற்குத் தீர்வு.

இரண்டாவது, உயரம். மேலே உள்ள டேங்கிலிருந்து டீசல் தானாக இறங்கும் அமைப்பில், வால்வை மூட மறந்தாலோ மிதவை வால்வில் தூசி சிக்கினாலோ கீழ் டேங்க் நிரம்பி வழியும். நடுவே வடிகட்டியும், வண்டி நிற்கும்போது மூடிக்கொள்ளும் வால்வும் தேவை.

மூன்றாவது, வெப்பம். டீசலின் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் 100 லிட்டர் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் விரியும். எனவே விளிம்புவரை நிரப்பாமல், 100-க்கு 5 பங்கேனும் வெற்றிடம் விட வேண்டும். வழிகிறதே என்று காற்றுக்குழாயை அடைப்பது தவறு. காற்று புகாவிட்டால் டேங்கில் வெற்றழுத்தம் உண்டாகி என்ஜினுக்கு டீசல் வராது.

இவற்றுக்கெல்லாம் முன்பு சட்டத்தையும் பார்க்க வேண்டும். உற்பத்தியாளரின் விவரக்குறிப்பிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019-இல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆகவே பட்டறைக்குச் செல்லுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி கேட்பதே முறை.

பெட்ரோலைப் போல டீசல் விரைவில் ஆவியாவதில்லை. சாலையில் படலமாகத் தங்கி, தூறல் விழுந்தால் இன்னும் வழுக்கும். சறுக்கி விழுபவர் பின்னால் வரும் இருசக்கர வாகன ஓட்டி. ஒருவரின் ஆதாயத்துக்கு இன்னொருவர் செலுத்தும் இந்த விலையைப் பொருளியலார் புறச்செலவு என்பர். டீசல் வரி நாடெங்கும் ஒன்றாகும் நாள் எப்போது வருமோ! அதுவரை, தகுதிச் சான்று வழங்கும்போது டேங்கையும் குழாய்களையும் குனிந்து பார்த்துச் சோதிக்கட்டும். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.