ஆகஸ்டில் தங்காத சினை

பெண் பன்றியை இணைசேர்த்த அன்றே பண்ணைக்காரர் நாட்காட்டியில் இரண்டு இடத்தில் குறித்துக்கொள்வார். 21ஆம் நாள் அது மறுபடி பருவத்துக்கு வராவிட்டால் சினை பிடித்துவிட்டது என்று கணக்கு. 115ஆம் நாளை ஒட்டிக் குட்டி போடும்.

ஐரோப்பியப் பண்ணைகளில் ஆகஸ்ட், செப்டம்பரில் இந்தக் கணக்கு பிசகும். 21ஆம் நாள் சும்மா இருந்த பன்றி, 25, 30 நாள் கழித்து முதுகை அழுத்தினால் அசையாமல், காதை விறைத்துக்கொண்டு நிற்கும். பருவத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் தாமதம்தான் துப்பு. சினையே பிடிக்காமல் இருந்தால் 21ஆம் நாளே தெரிந்திருக்கும். கருக்கள் 12ஆம் நாள் வாக்கில் சினை பிடித்ததைத் தாயின் உடலுக்கு உணர்த்தும் வேதிக்குறிப்பை அனுப்பிவிட்டு, அதன் பிறகு அழிந்திருக்கின்றன.

வெயில்தான் காரணம் என்று சொல்லத் தோன்றும். ஆஸ்திரேலியாவில் இதே தொல்லை கோடை முடியும் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. ஆனால், கோடையே இதமாக இருக்கும் பின்லாந்திலும் இது உண்டே! அங்கே மிகுதியாக இருப்பது பகல் வெளிச்சம். ஜூனில் தென்பகுதியிலேயே சுமார் 19 மணி நேரம்.

காட்டுப்பன்றியைப் பார்த்தால் விஷயம் புரியும். ஐரோப்பியக் காட்டுப்பன்றி பகல் குறுகும் நவம்பர், டிசம்பரில் இணைசேர்ந்து, இரை பெருகும் வசந்தத்தில் குட்டி போடும். கோடையில் அந்த நினைப்பே இருக்காது. இரவு எவ்வளவு நீளம் என்பதை உடலுக்குச் சொல்வது, மூளையின் பினியல் சுரப்பியில் இருட்டு நேரத்தில் சுரக்கும் மெலடோனின். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதன் பொறுக்கி வளர்த்தும் அந்தப் பழைய கடிகாரம் முழுதாக நின்றுவிடவில்லை.

வெயிலுக்கும் பங்கு உண்டு. பன்றிக்கு வியர்த்து உடம்பு குளிர்வதில்லை. சேற்றில் புரள்வது அதனால்தான். பண்ணையின் சிமெண்ட் தரையில் சேற்றுக்கு எங்கே போவது? குட்டி போட்ட கொட்டிலில் பாடு இன்னும் அதிகம். பிறந்த குட்டிக்கு 32 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஒட்டிப் படுத்திருக்கும் தாய்க்கு 20 டிகிரி போதும். புழுக்கத்தில் தாய் தீனியைக் குறைத்துக்கொள்ளும். குட்டிகளோ விடாமல் பால் குடிக்கும். தாயின் உடம்பு கரையும். பால் மறக்கடித்த ஒரு வாரத்தில் வர வேண்டிய பருவம் தள்ளிப்போகும்.

வெயில் ஆண் பன்றியின் விந்தணுவையும் கெடுக்கும். அது உருவாகி முதிர ஆறேழு வாரம் ஆகும். ஆகவே இந்த வார வெயிலின் சேதம் அடுத்த மாதம்தான் தெரியவரும்.

ஆகஸ்டில் தங்காத சினை டிசம்பரில் காலிக் கொட்டிலாக நிற்கும். அதை ஈடுகட்டத்தான் பல பண்ணைகள் கோடைக் கடைசியில் வழக்கத்தைவிடச் சில பன்றிகளைக் கூடுதலாக இணைசேர்த்து வைக்கின்றன.