நோயை ஆராயும் பெண்கள்: கல்வராயன் மலையடிவாரத்துக்கு ஒரு வழி

நோய் எப்படி உண்டாகிறது, எப்படிப் பரவுகிறது, எதனால் தீர்கிறது என்பதைச் சோதனைக்கூடத்திலும் மக்களிடையிலும் ஆராய்வது உயிர்மருத்துவ ஆராய்ச்சி. மருத்துவர், நுண்ணுயிரியலாளர், உயிர்வேதியியலாளர், புள்ளியியலாளர் எனப் பலர் சேர்ந்து செய்யும் வேலை இது. தமிழ்நாட்டில் இத்துறையின் பெரிய திருப்பங்கள் சிலவற்றைப் பெண்களே நிகழ்த்தியிருக்கிறார்கள்.

முதல் சான்று, ஒரு மாணவியின் ஆய்வேடு. 1985-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை மாணவியாக இருந்தார் செல்லப்பன் நிர்மலா. இந்தியாவில் எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று தேடும்படி அவரிடம் சொன்னவர் பேராசிரியர் சுனிதி சாலமன். அந்நோய் மேலைநாடுகளுக்கே உரியது என்று நம்பப்பட்ட காலம் அது. பாலியல் தொழிலாளர்களிடமிருந்து நிர்மலா 80-க்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளைத் திரட்டினார். கையுறைகூட இல்லை. மாதிரிகளைத் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் காத்தார். சென்னையில் பரிசோதனை வசதி இல்லாததால் 1986 பிப்ரவரியில் இரவு ரயிலேறி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றார். அங்கே 6 மாதிரிகளில் தொற்று தெரிந்தது. அமெரிக்காவில் நடந்த மறுபரிசோதனையும் அதை உறுதி செய்தது. நாடு தழுவிய எய்ட்ஸ் தடுப்புப் பணிக்கு இந்தக் கண்டுபிடிப்பே தூண்டுகோல். 1987 மார்ச்சில் ஆய்வேட்டை ஒப்படைத்த நிர்மலா, பின்னர் கிண்டி கிங் நிறுவனத்தில் பணிக்குச் சேர்ந்தார். பல்லாண்டுகள் அவர் பெயரை வெளியுலகம் அறியவில்லை.

சுனிதி சாலமன் அதே நோயைத் தொடர்ந்து ஆராய்ந்தார். 1993-இல் அவர் சென்னையில் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் சிகிச்சை மையமாகவும் ஆய்வு மையமாகவும் வளர்ந்தது. 2015-இல் மறைந்த அவருக்கு 2017-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

ஒரு கண்டுபிடிப்பைத் தொழில்வாழ்க்கையாக ஆக்குவது தொடர்ச்சிதான். அதற்குத் தாங்கி நிற்கும் நிறுவனம் வேண்டும். மருத்துவ ஆராய்ச்சியாளர் சௌமியா சுவாமிநாதன் 1992-இல் சேர்ந்த சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையம் 1956-இல் தொடங்கியது. காசநோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகுக்கு நிறுவிய இடம் அது. காசநோயையும் எச்.ஐ.வி.யையும் சேர்த்து ஆராய்ந்த சௌமியா, 2015-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநரானார். 2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் முதல் தலைமை அறிவியலாளராகவும் ஆனார். இன்னொரு ஆராய்ச்சியாளரான ககன்தீப் காங், எம்.பி.பி.எஸ். முதல் பிஎச்.டி. வரை அதே வேலூர்க் கல்லூரியிலேயே படித்தவர். குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குக் காரணமான ரோட்டா வைரஸைப் பல்லாண்டுகள் அங்கேயே ஆராய்ந்தார். 2016-இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்த ரோட்டா தடுப்பூசிக்கு அந்த ஆய்வு துணைநின்றது. 2019-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்வான முதல் இந்தியப் பெண் அறிவியலாளர் அவர்.

இவர்கள் நடந்த பாதையில் நுழைய இன்று பல வாசல்கள் உண்டு. மருத்துவம் படித்தவர்தான் வர வேண்டும் என்பதில்லை. விலங்கியல், வேதியியல், உயிர்த்தொழில்நுட்பம் படித்தவர்களும் முதுநிலைக்குப் பின் சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வு எழுதலாம். அதன்வழி கிடைக்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். முதுநிலை ஆய்வாளருக்கு 42,000. இத்தேர்வில் பெண்களுக்கு 5 ஆண்டு வயதுத் தளர்வு இருக்கிறது. பிஎச்.டி. காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு எடுக்கலாம். ஆய்வை முடிக்கக் கூடுதலாக 2 ஆண்டுகளும் கிடைக்கும். திருமணம், குழந்தை என்று இடையில் நின்றுபோனவர்கள் திரும்பி வருவதற்கென மத்திய அரசு பெண் அறிவியலாளர் திட்டங்களை நடத்துகிறது. அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டம்.

இந்த வாசல்கள் கல்வராயன் மலையடிவாரத்துப் பெண்களுக்கும் உரியவை. அங்குள்ள கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. சிறுவங்கூரில் அமைந்த அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. மேற்கே கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். ஆராய வேண்டிய கேள்விகளுக்கு இங்கே பஞ்சமில்லை. 2024 ஜூனில் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கல்லீரல் மெத்தனாலை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் பார்வை நரம்பைக் கெடுத்து உயிரையும் பறிக்கிறது. உயிர் பிழைத்தவர்களின் பார்வை பின்னாளில் என்னவாகிறது, மலைக்கிராமத் தாய்மாரின் ரத்தசோகைக்கு எது காரணம், காசநோயாளி பாதியில் மருந்தை நிறுத்துவது ஏன் என்பவை இம்மண்ணுக்கே உரிய ஆய்வுக் கேள்விகள். இங்குள்ள மக்களின் பேச்சும் உணவும் வழக்கமும் அறிந்த பெண்ணிடம் மலைவீட்டுத் தாய்மார் மனம்விட்டுப் பேசுவார்கள். களஆய்வுக்கு அது பெரிய பலம்.

அந்தப் பெண்ணுக்குப் பள்ளியிலேயே இயங்கும் ஆய்வகம் வேண்டும். கல்லூரியில் ஆய்வேட்டுக்கு வழிகாட்டும் ஆசிரியர் வேண்டும். தங்கிப் படிக்கப் பாதுகாப்பான விடுதியும், படிப்பு முடிந்தபின் நிலையான பணியிடமும் வேண்டும். இவற்றில் எது குறைந்தாலும் தொடர்ச்சி அறுந்துபோகும். இவை அனைத்தையும் மாவட்டத்துக்குள்ளேயோ எட்டும் தொலைவிலோ அமைத்துத் தருவது அரசின் கடமை, கல்வி நிறுவனங்களின் கடமை.