கோடைக் காய்கறிக்குத் தை மாத விதை

சித்திரை வெயில் முற்றத்தைச் சுட்டெரிக்கும் நாளில், சந்தையில் காய்கறி விலை ஏறியிருப்பதைக் கண்டு, கொல்லையில் நாலு விதை போட்டால் என்ன என்று எண்ணித் தொடங்குகிறவர்கள் அநேகர்; அவ்வாறு தொடங்கியவர்களில் பெரும்பாலோர் வைகாசிக்குள் வாடிய கொடியைப் பார்த்துச் சலித்து, தமக்குக் கைராசி இல்லையென்று தீர்மானித்து விடுகிறார்கள். கைராசியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. கோடையில் காய்க்க வேண்டிய புடலை, பாகல், பீர்க்கு, சுரை ஆகியவற்றுக்கு விதை ஊன்றும் பருவம் தை மாதம்; தப்பினால் மாசியின் முற்பகுதி.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வடகிழக்குப் பருவமழை விட்டுச் சென்ற ஈரம் மண்ணின் அடியில் எஞ்சியிருக்கும்போதே, இரவுகளும் குளிர்ந்திருக்கும்போதே முளைத்த கொடி, பங்குனியின் உஷ்ணம் மூளுமுன் ஆழமாக வேரோடிக்கொள்ளும். இக்கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே மலர்வதும், முதலில் ஆண் பூக்களே வருவதும் இயற்கை. பகல் நீண்டு உஷ்ணம் மிகும்போது ஆண் பூக்கள் பெருகிப் பெண் பூக்கள் அருகுவதும் அவற்றின் சுபாவமே. காலங்கடந்து விதைத்தவர் வீட்டுப் பந்தலில் பூ மண்டிக் கிடந்தும் காய் காணாமற் போவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

பழைய விதையாயின் பத்தெடுத்து ஈரத்துணியில் முடிந்து வைத்துப் பார்ப்பது நல்லது. எட்டு முளைத்தால் அச்சமில்லை, ஐந்தே முளைத்தால் இரட்டிப்பாக ஊன்ற வேண்டும். பாகல் விதையின் ஓடு கடினமானதாகையால் ஓரிரவு நீரில் ஊறவைப்பது அவசியம்; வெண்டைக்கும் அப்படிச் செய்தால் நாலைந்து நாளில் முளை தலைகாட்டும்.

கொடிக்காய்களின் வேர் இடம் பெயர்வதைப் பொறுக்காது. ஆகவே ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழமாகக் குழி வெட்டி, மக்கிய சாணஎருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, குழிக்கு நாலைந்து விதைகளை ஓர் அங்குல ஆழத்தில் நேரே ஊன்றிவிட்டு, இரண்டு மூன்று இலை விட்டபின் திடமான இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நகத்தால் கிள்ளிவிட வேண்டும். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும். கத்தரியும் மிளகாயும் இதற்கு நேர் விரோதமானவை: நாற்றங்காலில் வளர்ந்து, கத்தரி ஒரு மாதத்திலும், மிளகாய் அதற்குச் சற்றுப் பிந்தியும், மாலை வேளையில் பெயர்த்து நடப்படுபவை. நாற்றங்காலுக்கு அன்பு மிகுந்து ஓயாமல் தண்ணீர் தெளிப்பவர்கள், பூஞ்சணத்தால் தண்டின் அடி அழுகி நாற்றுகள் வரிசையாகச் சாய்வதைக் காண நேரிடும்.

தக்காளியைப் பற்றி ஒரு வார்த்தை. பகலில் வெப்பம் முப்பத்தைந்து பாகையைத் தாண்டி, இரவிலும் தணியாதபோது, அதன் பூக்கள் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிடும். எரு இட்டாலும் பயனில்லை. கடுங்கோடையில் தக்காளிக்காகப் படும் பிரயாசையை வெண்டைக்கும் கொத்தவரைக்கும் செலவிடுவதே விவேகம் என்பது என் அபிப்பிராயம்.

முளைத்த பருவத்தில் சிவப்பு வண்டு வந்து விதையிலைகளைச் சல்லடையாக்கும்; காலைப் பனி காயுமுன் அடுப்புச் சாம்பலைத் தூவுவது நம் பாட்டிமார் கண்ட பரிகாரம். நீரைக் காலையிலோ மாலையிலோ வேரடியில் ஊற்றி, வைக்கோலோ சருகோ கொண்டு மூடாக்கு இட்டால் ஊற்றிய ஜலம் வெயிலுக்குப் போகாது. நீர் தட்டுப்பட்ட கொடியில் சில சமயம் காய் கசக்கும். பாகலின் கசப்பு நமக்குப் பழக்கம். ஆனால் கசக்கும் சுரைக்காயில் உள்ளது நச்சுப்பொருள். எவ்வளவு வேகவைத்தாலும் அதன் தீமை நீங்குமென்று நம்பாமல், ஒரு துண்டு நாவில் வைத்துப் பார்த்துக் கசந்தால் குப்பையில் எறிந்துவிட வேண்டும்.

நகரத்து மொட்டைமாடியில் தேனீ வாராத குறையைக் கையாலேயே தீர்க்கலாம். அடியில் சிறு பிஞ்சு இருப்பது பெண் பூ. பரங்கியாயின் விடியற்காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் களைந்து, நடுவிலுள்ள மகரந்தக் காம்பைப் பெண் பூவின் நடுவே மெல்லத் தடவினால் போதும். பீர்க்கும் சுரையும் மாலையில் மலர்வனவாதலால், அவற்றுக்கு இக்காரியத்தை அந்திக்கு ஒத்திவைக்க வேண்டும்.

மறு வருஷத்துக்கு விதை எடுப்பவர்கள், கடையில் வாங்கிய வீரிய ஒட்டு விதையின் குணம் அடுத்த தலைமுறையில் அப்படியே திரும்பாது என்பதை அறிந்து, நாட்டு ரகத்தையே நாட வேண்டும். கொடியிலேயே முற்றவிட்ட காயிலிருந்து எடுத்து, கழுவி, நிழலில் உலர்த்தி, சாம்பல் புரட்டி வைத்த விதை கெடாது. நீட்டுச் சுரை வளர்ப்பவரின் பக்கத்து வீட்டில் குண்டுச் சுரை படர்ந்திருந்தால் மட்டும் ஒரு முன்யோசனை வேண்டும்: விதைக்கென நினைத்த பெண் மொட்டையும் ஓர் ஆண் மொட்டையும் மலருமுன்பே நூலால் கட்டிவைத்து, அந்தியில் அவிழ்த்து, கையால் மகரந்தம் சேர்த்து, மறுபடியும் கட்டிவிட வேண்டும். இல்லையேல் அடுத்த தையில் ஊன்றும் விதையிலிருந்து நீட்டும் குண்டும் அல்லாத ஒரு காய் பந்தலில் தொங்கும்; அதற்காக அண்டை வீட்டாரோடு வழக்காடுவதற்கு இடமில்லை.