வாய்க்காலும் வடிகாலும்

தமிழில் 'கால்' என்னும் சொல்லுக்குப் பொருள் பல. உடலுறுப்பையும் காற்றையும் குறிக்கும் அச்சொல்லே நீர் செல்லும் வழியையும் குறிக்கும். ஆற்று நீரைக் கொணர்வது வாய்க்கால். மிகுந்த நீரை வெளியேற்றுவது வடிகால். காவிரிப் படுகை உழவர்க்கு இவ்விரண்டும் இரு கண்கள். கிழக்கே கடலை நெருங்க நெருங்க நிலத்தின் சரிவு குறைந்துகொண்டே போவதால், இங்கு நீரைக் கொண்டுவருவதைக் காட்டிலும் வடியச் செய்வதே அரிது. வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிய வடிகால், ஐப்பசி கார்த்திகை மழையில் சம்பாப் பயிரை நாட்கணக்கில் மூழ்கடித்துவிடும். 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 செ.மீ.க்கும் மேல் மழை பெய்தது.

வயலில் அறிந்த இவ்வுண்மையைத் தெருவுக்கு வந்ததும் நாம் மறந்துவிடுகிறோம். வாசல் முன் ஓடும் வடிகாலுக்குச் 'சாக்கடை' என்று பெயரிட்டு, அது நகராட்சியின் வேலை என்று கை கழுவிவிடுகிறோம். கழுவிய நீரும் அதில்தான் போகிறது என்பது வேறு.

தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் பொறித்த கல்வெட்டுகளில், கோயிலுக்கு வருவாய் அளித்த ஊர்களின் நிலக்கணக்கு உள்ளது. ஊர்நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு ஊரை ஊடறுத்துச் சென்ற வாய்க்கால்களையும் நீக்கிய பின்னரே எஞ்சிய நிலம் வரிக்கு உரியதாயிற்று. நீர்வழி எவர் கணக்கிலும் சேராத பொது இடம் என்னும் தெளிவு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இம்மண்ணில் இருந்தது. அதைப் பேணும் உழைப்போ ஊரார் அனைவருடையதாயிருந்தது. அதுவே குடிமராமத்து. அவ்வழக்கத்துக்கு 1858ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் சட்ட வலிமை தந்து, உழைக்க வராதவரிடம் பணம் வசூலிக்கவும் இடமளித்தது. 2017இல் தமிழக அரசு அப்பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது.

நகரத்தில் கடமை இரண்டாகப் பிரிகிறது. பொது வடிகாலைக் கட்டுவதும் தூர்வாருவதும் உள்ளாட்சியைச் சார்ந்தவை. தன் வீட்டுக் கழிவுநீரை முறைப்படி இணைப்பது வீட்டுக்காரரைச் சார்ந்தது. 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம், வாசலுக்குச் செல்லத் தேவையான படியையோ மூடுகல்லையோ உரிமம் பெற்று அமைத்துக்கொள்ள இடமளித்தது. இன்று அதன் இடத்தில் 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் உள்ளது. 2023இல் அது நடைமுறைக்கு வந்தது. 2014இல் தஞ்சை மாநகராட்சியாகவும் உயர்ந்துவிட்டது.

ஆயினும் நடப்பது யாது? வண்டி ஏறுவதற்கெனச் சாய்தளம் கட்டுகிறோம். மூடுகல்லைச் சிமெண்டு பூசி அசைக்க முடியாதபடி செய்கிறோம். மலக்குழி நிரம்பினால் ஒரு குழாயை மழைநீர் வடிகாலுக்குள் திருப்பிவிடுகிறோம். இக்கடைசிச் செயலை நாம் சிறு தவறென்று கருதவில்லை. பிறர் மலத்தில் மனிதன் இறங்குவதைத் தடுக்க 2013இல் சட்டம் இயற்றியாயிற்று. அந்த மலத்தைத் திறந்த வடிகாலுக்கு அனுப்புகிறவர் அத்தொழிலாளியை மீண்டும் அதிலேயே இறக்குகிறார்.

உள்ளாட்சியும் குறையற்றதன்று. வெளிப்போக்கின் மட்டத்தை அளக்காமல் ஒரு தெருவுக்கு மட்டும் வடிகால் கட்டினால், நீர் அடுத்த தெருவின் முனையில் நின்றுவிடும். வாரிய வண்டலை அன்றே அள்ளிச் செல்லாமல் கரையில் குவித்தால், அடுத்த மழை அதை உள்ளே தள்ளிவிடும். ஒரே பணிக்கு இருமுறை செலவு!

வழியில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணியுள்ளார்கள்; தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையும் தடுத்துள்ளார்கள். ஐவேளையும் உளூச் செய்து தூய்மை பேணும் நமக்கு, அந்த நீர் பள்ளிவாசலைத் தாண்டி எங்கே போகிறது என்று கேட்கும் கடமையும் உண்டு. அய்யம்பேட்டை, இராஜகிரி, பண்டாரவாடை போன்ற நம் ஊர்களில் தெருவுக்கும் வயலுக்கும் இடையே தொலைவு அதிகமில்லை. தெருவில் விட்டது வயலுக்குப் போய்ச் சேரும்.

மஹல்லா ஜமாஅத் பெரியவர்கள் இதில் ஒன்று செய்யலாம். புதுவீடு கட்டுவோரிடம், மூடுகல்லை ஒரே பாளமாக வார்க்காமல், இரண்டடி அகலத் துண்டுகளாக வார்த்து இருபுறமும் இரும்புக் கொக்கி பதிக்கச் சொல்லலாம். அப்போது உடைக்காமலே தூக்கித் தூர்வார இயலும். செலவு சிறிதே கூடும். ஆனால் கொத்தனார் கம்பி கட்டத் தொடங்குமுன் இதைச் சொல்லிவிட வேண்டும்.