கழுத்தில் "சொடக்கு" வேண்டாம்!

நாள் முழுவதும் குனிந்து கணக்கு எழுதுகிறவருக்கு மாலையில் கழுத்து கனக்கிறது. மூட்டை தூக்குகிறவருக்குத் தோள் கடுக்கிறது. மும்பையில் இதற்குக் கைகண்ட வைத்தியம் "மாலிஷ்". 1957-ல் வந்த "பியாசா" இந்திப் படத்தில் ஜானி வாக்கர் எண்ணெய்ப் புட்டியுடன் வருவாரே, அதே மாலிஷ்தான்.

அது நல்லதா? நல்லதுதான். இறுகிய தசை தளரும். தூக்கம் வரும். முதுகு வலியும் சிறிது காலத்துக்குக் குறையும்.

ஆபத்து கடைசி அரை நிமிடத்தில் இருக்கிறது. தலையைத் தட்டி முடித்ததும் சலூன்காரர் தாடையைப் பிடிப்பார். வெடுக்கென்று கழுத்தை இருபுறமும் திருப்புவார். "மடக்" என்று சத்தம் கேட்டால் நமக்கு ஒரு சுகம்! எலும்பு நேராகி விட்டது என்று நினைப்பு. உண்மையில் அது மூட்டு நீரில் உண்டாகும் வாயுக் குமிழியின் சத்தம்.

கழுத்து எலும்பின் துளைகள் வழியாக மூளைக்கு 2 ரத்தக்குழாய்கள் செல்கின்றன. வெடுக்கென்று திருப்பினால் அவற்றின் உள்சுவர் கிழியலாம். அங்கே உறைந்த ரத்தம் மூளைக்குப் போனால் பக்கவாதம். அபூர்வம்தான், ஆனால் இளைஞர்களையும் விடாது. சில நாள் கழித்தும் வரலாம். தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நெல்லைக்கு ஒரு நாளுக்கு மேல் ரெயிலில் உட்கார்ந்து போய் வந்தபின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், அதையும் பிசையக் கூடாது. உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் நுரையீரலுக்கு நகர்ந்துவிடும்.

சலூனில் உட்காரும்போதே "கர்தன் மத் மோட்னா" என்று சொல்லி விடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்.