ஒரே கணினியில் பல பதிப்புகள்

சித்தூரிலிருந்து வேலூருக்குச் செல்லும் சாலையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஊர் குடிபாலா. இங்கே தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்குகின்றன. கடைக்காரர், வருபவர் யாரென அறிந்து, அவருக்கேற்ற மொழியில் விலை கூறுவார். ஒருவரிடம் இரு மொழிகள் இருப்பதால் குழப்பம் நேர்வதில்லை. யாரிடம் எதனைப் பேசுவது என்பது தெரியாதபோதுதான் குழப்பம் நேரும்.

கணினியிலும் இத்தகைய நிலை உண்டு. ஒரே மென்பொருளின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒரே கணினியில் இருக்க வேண்டிய தேவை சில நேரங்களில் எழுகிறது. அவற்றை முறையாக வைத்துப் பயன்படுத்துவது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் காண்போம்.

பதிப்பு என்பது யாது?

ஒரு மென்பொருளை உருவாக்கியோர் அதனைத் திருத்தியும் விரிவாக்கியும் அவ்வப்போது வெளியிடுகின்றனர். ஒவ்வொரு வெளியீடும் ஒரு பதிப்பு எனப்படும். பல மென்பொருள்களில் பதிப்பெண் 3.8.1 என்பதுபோல் மூன்று பகுதிகளாக அமையும். பொதுவாக, கடைசி எண் மாறினால் சிறு பிழைகள் திருத்தப்பட்டுள்ளன என்று பொருள். நடு எண் மாறினால் புதிய வசதிகள் சேர்ந்துள்ளன என்று பொருள். முதல் எண் மாறினால் அது பெரிய மாற்றம். பழைய பதிப்புக்காகச் செய்த வேலை புதியதில் அப்படியே நடவாமல் போகலாம்.

ஒரே கணக்கு, இரு விடைகள்

பள்ளிகளில் நாம் கற்கும் பைதான் என்னும் நிரல்மொழி இதற்குச் சிறந்த சான்று. பைதான் 3 என்னும் பெரும் பதிப்பு 2008ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. ஆனால் பைதான் 2இல் எழுதப்பட்ட நிரல்கள் உலகெங்கும் மிகுதியாக இருந்தமையால், பழைய பதிப்பை உடனே கைவிட இயலவில்லை. அதற்கான ஆதரவு 2015இல் முடிவதாக இருந்து, பின்னர் 2020 ஜனவரி 1 வரை நீட்டிக்கப்பட்டது. ஏறத்தாழப் பதினோர் ஆண்டுகள் இரு பதிப்புகளும் அருகருகே வழங்கின.

இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைக் காண்போம். ஒரு மாணவியின் மதிப்பெண்கள் 87, 90 எனக் கொள்வோம். அவற்றின் கூடுதல் 177. அதனை 2ஆல் வகுக்குமாறு பைதான் 3இடம் கூறினால் 88.5 என்னும் விடை வரும். அதே வரியைப் பைதான் 2இடம் கொடுத்தால் 88 என்றே வரும். முழு எண்ணை முழு எண்ணால் வகுக்கும்போது பழைய பதிப்பு பின்னத்தை விட்டுவிடும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. அரை மதிப்பெண் ஓசையின்றி மறைந்துவிடும்.

தமிழ்ச் சொற்களிலும் இவ்வேறுபாடு உண்டு. ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளத்தைப் பைதான் 3இடம் கேட்டால் 5 என்னும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்னும் ஐந்து குறியீடுகளை அது எண்ணுகிறது. யூடிஎஃப்-8 முறையில் சேமித்த அதே சொல்லைப் பைதான் 2 சாதாரண உரையாகக் கொண்டு 15 என்னும். ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டுகளைக் கொள்வதால் அது பைட்டுகளை எண்ணுகிறது. நாமோ த, மி, ழ் என மூன்று எழுத்துகள் என்போம். இவ்வாறு தமிழ் முறைப்படி எழுத்துகளைப் பிரிக்கும் வசதி ‘ஓப்பன் தமிழ்’ என்னும் நிரல்தொகுப்பில் உண்டு.

ஆகவே, விடை சரியா என்று கேட்பதற்கு முன், விடை கூறியது எந்தப் பதிப்பு என்று கேட்க வேண்டும்.

அருகருகே வைக்கும் முறை

முதலாவதாக, ஒவ்வொரு பதிப்பையும் தனித்தனிக் கோப்புறையில் நிறுவுதல் வேண்டும். கோப்புறையின் பெயரில் பதிப்பெண் இருப்பது நன்று.

இரண்டாவதாக, கணினி எந்தப் பதிப்பை அழைக்கிறது என்பதை அறிதல் வேண்டும். நாம் ஒரு கட்டளையைத் தட்டச்சு செய்தவுடன், கணினி தன்னிடமுள்ள கோப்புறைப் பட்டியல் ஒன்றை வரிசையாகப் பார்க்கும். இதனைத் தேடல் பாதை என்பர். அவ்வரிசையில் முதலில் அகப்படும் பதிப்பே இயங்கும். புதியதை நிறுவிய பின்னும் பழையதே இயங்குவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

மூன்றாவதாக, ஒவ்வொரு வேலைக்கும் தனி மெய்நிகர் சூழலை அமைக்கலாம். பைதான் 3.3 பதிப்பு முதல் இவ்வசதி அம்மொழியுடனேயே வருகிறது. ஒரு சூழலில் சேர்க்கும் நிரல்தொகுப்புகள் மற்றொன்றைப் பாதிப்பதில்லை. எந்தத் தொகுப்பின் எந்தப் பதிப்பு தேவை என்பதை ஒரு கோப்பில் எழுதி வைத்தால், வேறொரு கணினியிலும் அதே சூழலை அமைக்க முடியும்.

அச்சகத்தில் ஒரு பாடம்

இச்சிக்கல் நிரல் எழுதுவோர்க்கு மட்டும் உரியதன்று. தமிழகத்து அச்சகங்களில் திருமண அழைப்பிதழ், கோயில் விழா மலர், சிறு நூல் ஆகியவற்றை வடிவமைக்கப் பேஜ்மேக்கர் என்னும் மென்பொருள் நெடுங்காலம் பயன்பட்டது. அதன் கடைசிப் பெரும் பதிப்பான 7.0, 2001ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதற்குப் பின் அதனை வெளியிட்ட அடோபி நிறுவனம் இன்டிசைன் என்னும் மென்பொருளை வளர்த்தது.

பேஜ்மேக்கர் கோப்புகளை இன்டிசைனின் சிஎஸ்6 வரையிலான பதிப்புகள் திறக்கும். அதற்குப் பின்வந்த சிசி பதிப்புகள் திறப்பதில்லை. எனவே புதியதை மட்டும் வைத்துக்கொண்டு பழையவற்றை நீக்கிய அச்சகத்தில், முன்பு செய்த நூலின் கோப்பு இருந்தும் பயனில்லை. மேலும், பேஜ்மேக்கர் ஒருங்குறியை ஏற்காது. அக்கோப்புகள் பழைய எழுத்துருக்களைச் சார்ந்தவை. அவ்வெழுத்துருவையும் நீக்கிவிட்டால், தமிழ் எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற குறிகளே தோன்றும். ஓர் ஊரின் விழா மலரில் அச்சிட்ட வரலாறு இவ்வாறு படிக்க இயலாததாகிவிடக்கூடும்.

பழையதை எப்போது நீக்கலாம்?

பழைய பதிப்பை என்றென்றும் வைத்திருத்தலும் தக்கதன்று. ஆதரவு முடிந்த மென்பொருளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. அதனை இணையத்தோடு இணைத்துப் பயன்படுத்துவது ஆபத்தாகலாம். எனவே நீக்குவதற்கு முன் மூன்று செயல்களைச் செய்தல் வேண்டும். அதனைச் சார்ந்துள்ள கோப்புகளையும் நிரல்களையும் பட்டியலிடுக. அவற்றின் படியை எடுத்து வைத்துக்கொண்டு, புதிய பதிப்புக்கு மாற்றுக. மாற்றியவற்றைத் திறந்தும் இயக்கியும் பார்த்து, விடைகள் மாறவில்லை என்பதை உறுதிசெய்க.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளங்களின் உட்கருவிகள் பல, அவற்றோடு வந்த பைதானைச் சார்ந்தே இயங்குகின்றன. அதனைப் பழையதென்று எண்ணி நீக்கினால் கணினியே செயல் குன்றும். யாருக்குப் பயன்படுகிறது என்பதை அறியாமல் எதனையும் நீக்கலாகாது.

சொற்பொருள்

நிறுவுதல் – மென்பொருளைக் கணினியில் பதித்தல்
கோப்புறை – கோப்புகளைத் தொகுத்து வைக்கும் இடம்
ஒருங்குறி – உலக மொழிகளின் எழுத்துகளுக்குப் பொதுவான குறியீட்டு முறை
மெய்நிகர் சூழல் – ஒரு வேலைக்கெனக் கணினியில் பிரித்து அமைத்த இடம்

பயிற்சி

1. 177ஐ 2ஆல் வகுத்தபோது இரு பதிப்புகளின் விடைகள் வேறுபட்டது ஏன்?
2. ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளம் 3, 5, 15 எனக் கூறப்படுவதை விளக்குக.
3. தேடல் பாதை என்பது யாது?
4. உம் வீட்டிலுள்ள கணினியிலோ கைப்பேசியிலோ உள்ள ஏதேனும் மூன்று மென்பொருள்களின் பதிப்பெண்களைக் கண்டறிந்து எழுதுக.